சக்களத்திச் செடி

டொகுசோ தன் பெண்டாட்டியை 'ஏய்' என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட 'மிச்சியே' என்று அவர் வாயில் வந்ததில்லை. பேர் சொல்லி அழைத்தால் முத்தா உதிர்ந்துவிடும்? ஆனால் வாசலில் தொட்டியில் நிற்கிற கமேலியா பூச்செடிக்குப் பேர் உண்டு. செத்துப்போன மூத்த மனைவி சவா விதை போட்டு வளர்த்தது என்பதால் அதுவும் சவா. காலையில் பல் விளக்குமுன்பே, "சவா, குளிருதாம்மா?" என்று போய் நிற்பார். உறைபனிக்கு அதற்கு வைக்கோல் போர்வை வேறு. மிச்சியேவுக்குக் கால் விறைத்தால், "சாக்ஸ் போட்டுக்கோ," அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு நொபுயேவுக்கு வாய் சும்மா இருக்காது. "என்னடி, சக்களத்திக்குத் தண்ணி ஊத்திட்டியா?"

மிச்சியேவுக்கு வயிறு பற்றி எரிந்தது. செத்தவளோடு சண்டை போட முடியாது, செடியோடு போடலாம். இலையுதிர் காலத்தில் டொகுசோ ஃபுகுவோகாவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, கிளை கிளையாகத் தடவி மொட்டையெல்லாம் கிள்ளி எறிந்தாள். 'இந்த வருஷம் நீ பூக்கவே வேணாம்டி.' இலைக்கடியில் ஒன்று ஒளிந்திருந்தது அவள் கண்ணில் படவில்லை.

திரும்பி வந்தவர் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏய், நீயா கிள்ளின?"

"ஆ... ஆமாங்க."

"அடேயப்பா! பூ பெருசா வரணும்னா இப்படித்தான் ஒத்தை மொட்டை விட்டுட்டு மிச்சத்தை எடுக்கணும். சவாவுக்கு மனசு வராது, எனக்குக் கை வராது. உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஏதோ தோணுச்சு."

சத்துப் பூராவும் அந்த ஒன்றுக்கே போயிற்று. மார்ச்சில் அது சோற்றுக் கிண்ணம் அகலத்துக்கு விரிந்தது. வெள்ளையில் சிவப்புக் கீற்று, நடுவில் மஞ்சள் மகரந்தக் கூட்டம். குமாமோட்டோ ஊர்ப் பூக் கண்காட்சியில் முதல் பரிசு. விதையிலிருந்து வந்த புது ரகமாச்சே, என்ன பேர் எழுதட்டும் என்று கேட்டார்கள். டொகுசோ தலையைச் சொறிந்தார். பெண்டாட்டியை ஒரு தடவை பார்த்தார்.

"மிச்சியேன்னு எழுதுங்க."

மிச்சியே அங்கேயே அழுதுவிட்டாள். சவாவை ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

மறுநாள் விடிகாலை வாசலில் குரல் கேட்டது.

"மிச்சியே, குளிருதாம்மா?"

போர்வையை உதறிவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். "இல்லீங்க! எனக்கு ஒண்ணும் குளிரலீங்க!"

தொட்டியைச் சுற்றி வைக்கோலைக் கட்டிக்கொண்டிருந்த டொகுசோ திரும்பிப் பார்த்தார்.

"ஏய், உன்னை யாரு கேட்டா? போய் டீ போடு."

அன்றைக்கு அவளுக்கு அந்த மிச்சியே மேல் எரிந்த எரிச்சல், சவா மேல்கூட எரிந்ததில்லை.