அண்ணன் அனுப்பிய கேப்சூல்

வலது காலுக்கு ஷூ ஏறவில்லை. இளையவள் குதிகாலுக்குப் பின்னால் கரண்டிக் காம்பைச் செருகி நெம்பிப் பார்த்தாள். அப்பாவின் பாதம் வீங்கி வழுவழுவென்று இருந்தது. அவள் பிடித்த இடத்தில் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"விடு, காலுறை மட்டும் போதும்" என்றாள் நர்ஸ் அக்கா. பெரியப்பா மகள். மருத்துவமனையில் இதயப் பிரிவில் வேலை. விடிகாலையில் அப்பாவின் மூச்சு நின்றதும் முதலில் ஓடி வந்தவள் அவள்தான்.

"ஷூ இல்லாம அப்பா வாசப்படி தாண்டினதில்லக்கா."

"லிஃப்ட் மேல ஏறி நின்னு வேலை பாக்கறவருக்கு ஷூ வேணும்தான். இப்ப எந்த லிஃப்டு கெட்டுப் போச்சு?"

சொல்லிவிட்டு அக்காவே வேறு பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள்.

அண்ணன் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தபோது காலுறை மாட்டி முடித்திருந்தார்கள். தோளில் பையோடு கட்டிலருகே நின்றான். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாதவன்போல் தங்கையைப் பார்த்தான்.

"பொடிசு, நான் அனுப்பின வைட்டமின் ஈ கேப்சூலையாவது ஒழுங்கா சாப்பிட்டாரா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஒரு நாள் விடலடா. வாராவாரம் டப்பாவுல பிரிச்சுப் போட்டு, கையில குடுத்து, முழுங்கற வரைக்கும் நிப்பா. பெத்த பொண்ணுன்னா இப்படி இருக்கணும்."

எல்லாரும் இளையவளைப் பார்த்தார்கள். தலை தானாக ஆடியது. ஆமாம் என்று.

மற்ற மாத்திரைகளை அவள் ஒன்றுகூடத் தவறவிட்டதில்லை. சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு, நீர் பிரிவதற்கு என்று அத்தனையும் கணக்காகப் போகும். அண்ணன் அனுப்பும் புட்டி மட்டும் வேறு கதை. கன்னத்துப் பரு வடுவுக்கு அந்தக் கேப்சூலுக்குள் இருக்கும் எண்ணெய் நல்லது என்று மாலை வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரி சொல்லியிருந்தாள். ஊசியால் ஒரு குத்து, முகத்தில் ஒரு தடவல். ஒன்று குறைந்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் முதல் கேப்சூலை எடுத்தாள். பிறகு அப்பாவின் டப்பாவுக்கு ஒன்றுகூடப் போகவில்லை. அப்பா கையில் விழுவதை எண்ணிப் பார்ப்பவர் இல்லை. "நீ கூழாங்கல்லைக் குடுத்தாலும் முழுங்குவேன்" என்பார். ஒருநாள் அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "என்ன பொடிசு, மூஞ்சிக்கு கிரீஸ் போட்டியா? நான் கூட லிஃப்டுக்கு இவ்வளவு போடறதில்ல!" என்றார். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

இப்போது அவள் முகத்தை அப்பாவின் கால் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்புறம் ஏன்க்கா இப்படி ஆச்சு?" அண்ணன் நர்ஸ் அக்காவிடம் கேட்டான். "சர்க்கரை இருக்கறவங்க இதயத்துக்கு நல்லதுன்னுதானே சொன்னாங்க?"

"யாரு, டாக்டரா?"

"கடையில."

அக்கா அலமாரியிலிருந்த புட்டியை எடுத்துத் திருப்பிப் படித்தாள். "பெரிய டோஸாச்சேடா இது." கொஞ்சம் தயங்கினாள். "நிறைய பேருக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. இதயத்துக்கு ஒண்ணும் பெருசா பண்ணல. ஒரு ஆராய்ச்சியில, இதைச் சாப்பிட்டவங்கள்ல இதயம் பலவீனமாகி நீர் கோத்துக்கிட்டவங்க கொஞ்சம் கூடுதலாவே இருந்தாங்க. சர்க்கரைக்காரங்கள்ல ஒரு ரகத்துக்கு மட்டும் நல்லது பண்ணலாம்னும் சொல்றாங்க. ரத்தத்துல இருக்கற ஒரு புரதத்தைப் பொறுத்தது. சித்தப்பா எந்த ரகம்னு யாரு பாத்தா?" அண்ணனின் முகம் மாறுவதைக் கண்டு குரலைத் தணித்தாள். "இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதுடா. எத்தனை வருஷத்துச் சர்க்கரை அவருக்கு!"

அண்ணன் அப்பாவின் வீங்கிய பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பையைக்கூட இறக்காமல் பின்பக்க மாடிப்படிக்குப் போய்விட்டான்.

இளையவள் காலுறையின் சுருக்கத்தை நீவினாள். மறுபடி நீவினாள். அப்பா சாப்பிட்டிருந்தால் அந்தக் கேப்சூல் கெடுத்திருக்கலாம். அந்தப் பயம் அண்ணனுடையது. அதைப் பொய்யென்று சொல்ல அவளால் மட்டும்தான் முடியும். சாப்பிட்டிருந்தால் காப்பாற்றியும் இருக்கலாம். வாயைத் திறந்த நொடியிலிருந்து அந்தப் பயம் அவளுடையதாகிவிடும். அம்மாவின் காதுக்கும் போகும். அப்பாவின் ரத்தத்தை இனி யாரும் சோதிக்கப் போவதில்லை.

வாசலில் அப்பாவைக் கொண்டுபோக வண்டி வந்து நின்றது.

"அண்ணனைக் கூப்பிடு, தலைமாட்டை அவன் பிடிக்கட்டும்" என்றாள் அம்மா.

அவன் நடுப்படியில் உட்கார்ந்திருந்தான். பை இன்னும் தோளிலேயே தொங்கியது.

"வண்டி வந்துடுச்சுண்ணா."

"நான் வரல. வேற யாரையாவது தூக்கச் சொல்லு."

"நீதான் பிடிக்கணும்னு அம்மா..."

"காசு குடுத்து வாங்கி, பொட்டலம் கட்டி அனுப்பினேன் பொடிசு. ஃபோன்ல வேற, சாப்பிட்டீங்களா சாப்பிட்டீங்களான்னு அவர் உயிரை வாங்கினேன். இந்தக் கையால எப்படி அவரைத் தூக்கறது?"

அவள் உள்ளே போனாள். புட்டியோடு திரும்பி வந்து அவனுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். முதல் சொல்லே கிடைக்கவில்லை. ஒரு கேப்சூலை எடுத்து, தன் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். பார்க்காமலே முனை சரியான இடத்தில் இறங்கியது. மஞ்சள் எண்ணெய் துளிர்த்தது. அதை இரண்டு விரலில் பரப்பி, இடது கன்னத்தில் கீழிருந்து மேலாக, பிறகு வலது கன்னத்தில், நாள்தோறும் செய்கிற அதே வரிசையில் தடவிக்கொண்டாள். காலித் தோலை உருட்டிப் படி ஓரத்தில் வைத்தாள்.

அண்ணன் அவள் விரல்களைப் பார்த்தான். கன்னத்தைப் பார்த்தான்.

"எப்பலேருந்து?"

"முத புட்டியிலேருந்து."

"எல்லாமா?"

அவள் தலையாட்டினாள்.

உள்ளேயிருந்து அம்மா இரண்டு முறை கூப்பிட்டாள். அண்ணன் மூச்சை இழுத்து, மெல்ல விட்டான். பையை இறக்கிப் படியில் வைத்தான். அவளைத் தாண்டி இறங்கும்போது சுவர்ப் பக்கமாக ஒதுங்கிப் போனான். அவள்மேல் அவன் கால் படவில்லை.

தலைமாட்டை அண்ணன் பிடித்தான். நடுவில் வண்டிக்காரர்கள் இருவர். கால்மாடு அவளுக்கு வந்தது. தூக்கியதும் அப்பாவின் வலது குதிகால் அவள் கையிலிருந்து நழுவியது.

"கையைத் துடைச்சுக்கோ" என்றான் அண்ணன், நிமிராமல்.

அவள் உடையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தாள். வெளுத்த காலுறையில், அவள் கட்டைவிரல் பட்டிருந்த இடத்தில், எண்ணெய் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.