நாலாம் தூணின் விரிசல்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் சரிசெய்யத் தெரியாது, பூசி மெழுகத்தான் தெரியும். பாலத்தின் நாலாம் தூணில் பூசி மறைத்த விரிசல், மறுநாள் காலை ஏழு மணிக்கு என்ஜினியர் வீட்டுச் சமையலறைச் சுவரில் இருந்தது.

பாலத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. பாலத்தைச் சோதிக்கிற வேலையிலிருக்கும் சுத்தியல்காரி அதை இருபது வருடமாகத் தட்டிப் பார்க்கிறாள். கணீரென்றால் நகர்வாள், பொத்தென்றால் நிற்பாள். விரிசலின் குறுக்கே கண்ணாடிப் பட்டை ஒட்டிப் பென்சிலால் தேதி போடுவாள். விரிசல் அகன்றால் கண்ணாடி உடையும். பாலத்தில் எட்டரை மணி பஸ்ஸை ஓட்டுகிறவன் அவள் புருஷன். நாலாம் தூண் சரியில்லை என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று என்ஜினியர் சிமெண்ட் பூசி வெள்ளையடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த விரிசலோடு கண்ணாடிப் பட்டையும் அவள் எழுதிய தேதியும் வந்திருந்தன. என்ஜினியர் அங்கேயும் பூசினார், பழக்கதோஷம். அது கூடத்துக்குப் போனது. கூடத்தில் பூசினார், மாமியார் அறைக்குப் போனது.

"ஏன் மாப்ள, ஆபீஸ் வேலைய ஆபீஸ்லயே வெச்சுக்கக் கூடாதா?" என்றார் மாமியார்.

வேறு வழியில்லாமல் சுத்தியல்காரிக்குப் போன் போட்டார். அவள் வந்து தட்டினாள். பொத். சுவரில் காதை வைத்தாள். உள்ளே ஆறு ஓடியது.

"சார், இது உங்க சுவரில்ல, நாலாம் தூணு. உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதிக் கெடக்கு."

சொல்லி வாய் மூடவில்லை, கண்ணாடி படாரென்று உடைந்தது. மணி எட்டு இருபது.

"ஓடுங்க சார்! எங்க வீட்டுக்காரர் பஸ்ஸ எடுத்திருப்பாரு!"

அவர் பாதி சவரத்தோடும் அவள் சுத்தியலோடும் ஓடினார்கள். பஸ்ஸின் முன்சக்கரம் பாலத்தைத் தொடும்போது குறுக்கே விழாத குறையாக நின்றார்கள்.

"வீட்டுச் சண்டைய ரோட்டுக்குக் கொண்டாராத!" என்று புருஷன் கத்தினான்.

"மொதல்ல எல்லாரையும் எறக்குய்யா!"

கடைசி ஆள் இறங்கியதும், நாலாம் தூணிலிருந்து கதவு அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து ஆற்றில் விழுந்தது. நாற்பத்தொரு பேரும் பஸ்ஸை விட்டுவிட்டுச் சுத்தியல்காரியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள்.

பதினோரு மாதம் ஜாக்கி முட்டுக்கொடுத்து, செத்த கான்கிரீட்டைக் கொத்தி, துருக்கம்பியை வெட்டிப் புதுக்கம்பி கட்டி, புதுக் கான்கிரீட் போட்டார்கள். இருபத்தெட்டு நாள் ஈரம் காயாமல் வைத்திருந்தார்கள். இருபத்தெட்டாம் நாளே விரிசல் மாமியார் அறையைக் காலி செய்தது. அதற்குப்பின் மூன்று என்ஜினியர்கள் வந்துபோனார்கள். அவர்கள் மனைவிமார் எழுந்ததும் முதலில் சுவரைத்தான் பார்க்கிறார்கள். கீறல் தெரிந்தால் சுத்தியல்காரிக்குப் போன் போகிறது. யாரும் அதிசயப்படுவதில்லை.

இப்போது தூணில் பலகை மாட்டியிருக்கிறார்கள், இன்னும் ஐம்பது வருடம் கவலையில்லையாம். விரிசல் வீடு மாறியதை நம்பலாம், கண்ணால் பார்த்தது. பலகையை எப்படி நம்புவது? தொட்டேன், பெயின்ட் விரலில் ஒட்டியது. அக்கரைக்குப் படகிலேயே போகலாமென்று படகுத்துறைப் பக்கம் நடையைக் கட்டினேன்.