கதவில்லாத அறைக்கு ஒரு கதவு

பேய் டீச்சர் வீட்டின் கிழக்குச் சுவரில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒரு கதவு வந்திருந்தது. அது நாலாவது மாடி. சுவருக்கு அப்பால் வெட்டவெளி, அதற்குக் கீழே சைக்கிள் நிறுத்துமிடம், அவ்வளவுதான். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்குச் சுவர் சுவராகவே தெரிந்தது. உள்ளே போனால் கதவு இருந்தது. வீட்டுக்காரர் வந்து, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படிக் கதவு வைக்கலாம் என்று சத்தம் போட்டார். தச்சரைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் விரலால் தட்டிப் பார்த்து, மரம் அருமையான மரம், இந்த ரகம் இப்போது தேடினாலும் கிடைக்காது என்றார். பிறகு கருவிப் பையை மூடிக்கொண்டே, "இத நான் தொடமாட்டேன்மா. கீல், தாழ்ப்பாள் எல்லாம் அந்தப் பக்கம் இருக்கு. இது அங்கருந்து வச்ச கதவு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். லிஃப்டில் போகாமல் படியில்தான் போனார்.

பேய் டீச்சர் என்பது குடியிருப்பில் வைத்த பெயர். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பேய் நாவலையும் அதை எழுதிய அம்மாளின் வாழ்க்கையையும் ஆராய்ந்துகொண்டிருந்தாள். கணவருக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் அவர் கடலுக்குச் சொந்தம். வீட்டில் அவளும் ஏழு வயது மகளும்தான். மகளுக்கு வாலு என்று பெயர் வாங்கிக்கொடுத்தது அவளுடைய நடத்தைதான்.

அந்த நாவலில் ஒரு பெரிய வீடு வரும். மாடியில் ஒரு சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணும் குழந்தையும் பேசுகிற சத்தம் கேட்கும். நாவலை ஆராய்கிற எல்லோரும் முதல் வேலையாக அந்த வீட்டுக்கு ஒரு வரைபடம் போடுவார்கள். போட்டால் மாடியின் மூலையில் ஓர் அறை மிஞ்சும்; அதற்கு வாசல் உண்டென்று நாவலில் ஒரு வரி கிடையாது. அங்கே சுவரைச் சுவராகவே விட்டு, வாசல் சொல்லப்படவில்லை என்று அடிக்குறிப்பு எழுதுவதுதான் இத்துறையில் வழக்கம். பேய் டீச்சருக்கும் வழக்கம் தெரியும். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, வாலு குளியலறையில் சோப்பைக் காணோமென்று கத்திக்கொண்டிருந்தாள். அறை என்றால் கதவு இருக்கத்தானே வேண்டும் என்று பென்சிலால் ஒரு கதவைப் போட்டுவிட்டு எழுந்து போனாள். பாலை இறக்கிவிட்டுத் திரும்பியபோது கதவு வந்திருந்தது.

முதல் வாரம் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும், யாரோ இருமுவார்கள், பிறகு மணிக்கணக்கில் பேனா காகிதத்தில் கீறும். டீச்சர் வரைபடத்திலிருந்த கதவை ரப்பரால் அழித்தாள். காகிதம்தான் கிழிந்தது. அக்கா வீட்டுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு ஓடினாள். மூன்றாம் நாள் அக்காவின் சமையலறையில், அரிசி டப்பாக்களுக்குப் பக்கத்தில், அதே கதவு நின்றது. தங்கச்சி வந்ததில் சந்தோஷந்தான், ஆனால் வந்த சாமானைத் திரும்ப எடுத்துப்போனால் இன்னும் சந்தோஷம் என்று அக்கா பக்குவமாகச் சொன்னாள். வேறு வழியில்லாமல் வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள்.

பயம் உண்மையாகவே பிடித்தது, ஒரு நாள் டீச்சர் நாவலை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது. சுவருக்குப் பின்னால் அடிக்கடி ஒரு குரல், பெண் குரல், உயிரே இல்லாத குரல், "கதவு மூடப்படுகிறது" என்று சொல்லும் என்று நாவலில் வருகிறது. விதியின் குரல், மரணத்தின் குரல் என்று ஆளுக்கொன்று எழுதியிருந்தார்கள். டீச்சரே அதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருந்தாள். வாலு பென்சிலைச் சீவிக்கொண்டே, "அது நம்ம லிஃப்ட்டும்மா" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, வெளியே லிஃப்ட் கதவு மூடப்படுவதாக அறிவித்துக்கொண்டு கீழே போனது. கதவுக்கு அந்தப் பக்கம் பேனா பரபரவென்று கீறியது.

அப்போதும் டீச்சர் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் நாவலில் இன்னொன்று இருந்தது. சுவருக்குள் இருக்கும் குழந்தை வாய்ப்பாடு சொல்லும். சொல்லும்போதெல்லாம் ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று தப்பாகவே சொல்லும். அந்த எண்ணுக்கு மந்திர அர்த்தம் கண்டுபிடித்துப் பட்டம் வாங்கியவர்கள் இருந்தார்கள். வியாழக்கிழமை பரீட்சைக்காக வாலு கதவில் சாய்ந்து உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு வாய்ப்பாடு சொன்னாள். "ஏழேழு நாப்பத்தொம்பது. ஏழெட்டு ஐம்பத்து நாலு." நாவலில் வந்த பேய் வேறு யாரும் இல்லை, தானும் தன் மகளுந்தான், அந்தப் பக்கம் பேனா பிடித்திருப்பது அதை எழுதிய அம்மாள்தான் என்று டீச்சருக்கு அப்போதுதான் விளங்கியது.

பேயாக இருப்பதில் அவளுக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை. அவளை நடுங்கவைத்தது பதினெட்டாம் அத்தியாயம். அதில் குழந்தை சில நாள் இருமும். பிறகு அதன் குரல் கேட்காது. அந்த அத்தியாயத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஒவ்வொரு சாயங்காலமும் பெண் மட்டும், "சாப்பிட வா, கண்ணு" என்று கூப்பிடுவாள். பதில் வராது. அதோடு நாவல் முடிந்துவிடும். அந்தப் பக்கங்களைப் படித்த எவரும் அன்று விளக்கை அணைத்துத் தூங்கியதில்லை.

அடுத்த வாரம் வாலுவுக்கு இருமல் கண்டது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டுச் சாதாரணச் சளிதான் என்றார். டீச்சர் சோறு தண்ணி இல்லாமல் மகள் பக்கத்திலேயே கிடந்தாள். மகள் இருமினால் கதவைப் பார்ப்பாள், இருமாவிட்டால் மகளின் மூக்கில் விரலை வைத்துப் பார்ப்பாள். அந்தச் சமயத்தில் கல்லூரியிலிருந்து அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் திருத்திய அத்தியாயத்தை அனுப்பியிருந்தார். எதைக் காட்டினாலும் ஒரே கேள்வி கேட்பவர்; அதனால் மாணவர்கள் அவரை ஆதாரம் சார் என்பார்கள். பதினெட்டாம் அத்தியாயத்தில் குழந்தை இறந்துவிடுகிறது என்று டீச்சர் எழுதிய வரியின் பக்கத்தில் சிவப்பு மையில், ஆதாரம் எங்கே என்று கேட்டிருந்தார். அவள் அதை வெறித்துப் பார்த்தாள். உண்மைதான். குரல் கேட்கவில்லை என்றுதான் நாவல் சொல்கிறது. செத்தது என்று எங்கேயும் சொல்லவில்லை.

அன்றைக்கே வாலுவை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சொன்னாள். "இனிமே நம்ம வீட்டுக்குள்ள நீ பேசவே கூடாது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டா வரணும், ஆனா பதில் சொல்லக் கூடாது. என்ன ஆனாலும் சரி."

"தும்மல் வந்தா?"

"மாடிக்கு ஓடி வந்து தும்மு."

அப்படியே நடந்தது. இருமல் நாலு நாளில் விட்டுப்போனது, வாலு பிழைத்துக்கொண்டாள், வீட்டுக்குள் அவள் குரல் நின்றது. பள்ளியிலும் படியிலும் மாடியிலும் இரண்டு பங்காகப் பேசிச் சரிக்கட்டினாள். ஒவ்வொரு சாயங்காலமும் டீச்சர் கதவருகில் நின்று, "சாப்பிட வா, கண்ணு" என்பாள். மகள் இரண்டடி தள்ளி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கண்முன்னே பிள்ளை இருந்தும், பதில் வராத அந்த ஒரு நொடியில் தாய் ஒவ்வொரு நாளும் எட்டி அவள் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பழகிப்போகும் என்று நினைத்தாள், பழகவில்லை. அந்தப் பக்கம் பேனா ஒரு நாள் நின்றது. நாவல் முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டார்கள். ஆனால் அதன்பிறகு சாயங்காலமானால் தரையில் தட்டு வைக்கிற சத்தமும், யாரோ அடக்கி அழுகிற சத்தமும் கேட்கத் தொடங்கின.

நாவலை எழுதிய அம்மாள் கல்யாணம் செய்துகொள்ளாதவர். பிள்ளை கிடையாது, துணைக்கு ஒரு வேலைக்காரம்மா மட்டும். அந்த ஒரே நாவலுக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. சாகும்வரை தினமும் மாடிச் சுவரோரம் ஒரு சின்னப் பீங்கான் தட்டில் சாப்பாடு வைத்தார். ஒரு சாயங்காலம் அங்கேயே விழுந்து கிடந்தார்; தட்டு உடைந்திருந்தது. பயத்தை எழுதியவர் பயத்திலேயே போனார் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கும். யாருக்காகத் தட்டு வைத்தார் என்பது இந்தத் துறையில் தீராத கேள்வி. டீச்சருக்குத் தீர்ந்துவிட்டது. பதில் சொல்லாத ஒரு பிள்ளைக்காக, முகம் தெரியாத ஒருவர் ஆயுள் முழுக்க அழுதுகொண்டிருந்தார். அந்தப் பிள்ளையோ இந்தப் பக்கம் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்துகொண்டிருந்தாள். டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது, அதனால் மகளை வாயைத் திறக்க விடவில்லை.

வருஷங்கள் போயின. கணவர் கப்பலை விட்டு வந்தார், வீட்டில் சைகையில் பேசக் கற்றுக்கொண்டார். வாலு படித்து முடித்து வேறு ஊரில் வேலை வாங்கினாள். கிளம்புவதற்கு முந்தைய நாள் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னாள். "புக்கு முடிஞ்சு எத்தனை வருஷமாச்சு? அதுக்கப்புறம் நடக்கிறத எந்த அத்தியாயத்துல எழுதியிருக்கும்மா?" டீச்சர் துணியை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அன்று சாயங்காலம் வழக்கம்போலக் கதவருகில் நின்று கூப்பிட்டாள். அந்தப் பக்கம் தட்டு வைக்கப் போகும் காலடி கேட்டது. வாலு பெட்டியை மூடிவிட்டு எழுந்துவந்து, கதவில் உள்ளங்கையை வைத்து, "இதோ வந்துட்டேன்மா" என்றாள்.

டீச்சர் மகளின் இரண்டு தோளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். முகத்தைத் தடவினாள், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பக்கம் பீங்கான் சுக்குநூறாக உடைகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு. வயதான, மூச்சு வாங்குகிற, நிறுத்த முடியாத சிரிப்பு. அது அடங்கியபிறகு அங்கே எந்தச் சத்தமும் இல்லை.

நாவலாசிரியை பயத்தில் சாகவில்லை, நிம்மதியில்தான் செத்தார் என்று டீச்சர் ஆய்வில் ஒரு வரி சேர்த்தாள். ஆதாரம் சார் ரொம்பத் தளர்ந்துபோயிருந்தார். இருந்தாலும் சிவப்புப் பேனாவை எடுத்துக் கேட்க வேண்டியதைக் கேட்டார். அவள் வரியை அடித்துவிட்டாள்.

கதவு இன்னும் இருக்கிறது. அதில் ஆணி அடித்துக் குடையும் கைப்பையும் மாட்டியிருக்கிறார்கள். மகள் ஊருக்குப் போனதிலிருந்து, பொழுது சாய்ந்ததும் டீச்சர் அதன் முன்னால் ஒரு தட்டில் சாப்பாட்டை வைத்து, "சாப்பிட வாங்கம்மா" என்று கூப்பிடுகிறாள். காலையில் தட்டு கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருக்கும். உப்பு தூக்கலாகிவிட்ட அன்று மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.