பதின்மூன்றாம் பூ

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. எங்கள் பழம்பாடல் மன்றத்தின் ஆண்டு மலருக்கு, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்று இரண்டு பக்கம் எழுதித் தருமாறு கேட்டிருந்தார்கள். ஏரிக்கு அப்பால் நடக்கும் தேர்தலைப் பற்றி, சைவம், வைணவம், கிறித்தவம், இசுலாம் என்று பாராமல் தமிழ்த் துதிப்பாடல் எதுவானாலும் பாடி மகிழும் ரொறன்ரோக் கூட்டம் ஒன்று ஏன் கவலைப்பட வேண்டும்? காரணம் உண்டு, மூன்றாம் பகுதியில் வரும்.

வழக்கம்போல் இறைவனை வணங்கித் தொடங்கினேன். முதல் வாக்கியம் இப்படி அமைந்தது:

ஐம்பது மாநிலங்கள் கொண்ட அந்நாட்டில் மக்கள் தம் தலைவரை நேரடியாகத் தெரிவு செய்வதில்லை, மாறாக

அந்த 'மாறாக'வுக்குப் பின்னால் யூஜினி வந்து நின்றாள். கையில் ஒற்றைச் செவ்வந்திப் பூ. கட்டுரை அங்கேயே நின்றுபோயிற்று. அதற்காக அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே இதை எழுதுகிறேன்.

2

யூஜினியைச் சற்றுக் காத்திருக்கச் சொல்லிவிட்டு யானையிடம் போகிறேன்.

வாரிசின்றி மன்னன் இறந்தால் பட்டத்து யானையின் துதிக்கையில் மாலையைக் கொடுத்து வீதியில் விடுவார்கள் என்றும், அது யார் கழுத்தில் மாலையை இடுகிறதோ அவனே அரசன் என்றும் பழங்கதைகள் சொல்லும். அமெரிக்காவில் அத்தகைய யானைகள் ஐந்நூற்று முப்பத்தெட்டு. தேர்வாளர் என்பது அவர்களுக்குப் பெயர். மக்களவையில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடமோ அத்தனை பேர், செனட் சபையின் இரண்டு இடத்துக்காக மேலும் இருவர், தலைநகருக்கு மூவர். நவம்பரில் மக்கள் வாக்களிக்க, ஒரு மாநிலத்தில் ஒரே ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்றவருக்கும் அம்மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும் சேர்ந்துவிடுவர். (இரண்டு மாநிலங்கள் மட்டும் பங்கிட்டுக் கொடுக்கின்றன.) தேர்வாளர்கள் டிசம்பரில் தத்தம் மாநிலத்தில் கூடி வாக்களிப்பர். ஜனவரியில் காங்கிரஸ் அவற்றை எண்ணும். இருநூற்றெழுபது பெற்றவருக்கு வெள்ளை மாளிகை. நாடு முழுவதும் கூடுதல் வாக்குப் பெற்றவர் தோற்றுப்போவதும் உண்டு, நடந்தும் இருக்கிறது.

[குறிப்பு: அங்குள்ள இரு பெருங்கட்சிகளில் ஒன்றுக்கு யானையே சின்னம், மற்றதற்குக் கழுதை. என் உவமையில் கட்சி எதுவும் இல்லை.]

3

மன்றத்தின் யாப்பை, அதாவது அதன் சட்டதிட்டங்களை, எழுதியவர் பஸ்ரியன். ரொறன்ரோவுக்கு வருமுன் சில ஆண்டுகள் பஃபலோவில் இருந்தவர். டோர்செட் பார்க்கின் அடுக்குமாடிகளில் உறுப்பினர் ஏராளம், பக்கத்து வெக்ஸ்போர்டில் நடுத்தரம், மேற்கே வெகுதொலைவில் மிசிசாகாவில் ஒரு கைப்பிடி. "உங்கடை சனம் எங்களை விழுங்கிப்போடும்" என்று மிசிசாகாக்காரர் சேரத் தயங்கியபோது, பஸ்ரியன் அமெரிக்க முறையை அப்படியே எடுத்துவைத்தார். டோர்செட் பார்க்குக்கு ஆறு தேர்வாளர், வெக்ஸ்போர்டுக்கு நான்கு, மிசிசாகாவுக்கு மூன்று. தம் பகுதி யாரைத் தெரிவு செய்கிறதோ அவருடைய தட்டில் பூ வைப்பதாக ஒவ்வொருவரும் விளக்கின் முன் வாக்குக் கொடுக்க வேண்டும்.

அப்படியே எடுத்துவைத்தார் என்றேன் அல்லவா? அமெரிக்கத் தலைவர் பிறப்பிலேயே அந்நாட்டுக் குடிமகனாய் இருக்க வேண்டும், முப்பத்தைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதிகளும் கூடவே வந்துவிட்டன. 'தலைவர் பிறப்பால் மன்றத்தவராய் இருத்தல் வேண்டும்' என்று அவர் வாசித்த அன்று, நபிபுகழ் பாடும் ஸித்தி சிரித்த சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று.

"மன்றத்தில ஆரு, பஸ்ரியன், பொறந்தது? நாங்க எல்லாரும் வந்து சேந்த ஆக்கள்தானே!"

"வயசு விதியையாவது வைச்சிருப்பமோ?" என்றார் பஸ்ரியன்.

"அத விடுங்க. இங்க அம்பதுக்குக் கீழ ஒரு ஆளக் காட்டுங்க பாப்பம்."

4

இவ்வாண்டுத் தேர்தலில் நின்றவர்கள் இருவர்: டோர்செட் பார்க்கின் சியாமளா, மிசிசாகாவின் மோகனசுந்தரம். வெள்ளிக்கிழமைப் பாட்டு எங்கே நடக்கும் என்பதே கேள்வி. இத்தனை ஆண்டும் அது டோர்செட் பார்க்கில். தாம் வென்றால் மிசிசாகாவுக்கு மாற்றுவதாக மோகனசுந்தரம் சொல்லியிருந்தார்.

அமெரிக்கத் தலைவருக்கும் எல்லாம் கைகூடாது. சட்டம் இயற்றுவது காங்கிரஸ். அவர் மறுத்தாலும் இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கினர் சேர்ந்தால் அம்மறுப்பையும் மீறலாம். ஆயினும் சில ஆணைகள் அவர் கைக்கே உரியவை. எங்கள் மன்றத்தில் தலைவர் கைக்கு உரியது இடம்.

முதற்படியில் நான் எழுதியது: மோகனசுந்தரம் பதவிமீது பசிகொண்ட மனிதர், அவர் சிரித்தால்கூட

(அழித்துவிட்டேன். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மிசிசாகா விமான நிலையத்தில் வேலை. வேலை முடித்து, நெடுஞ்சாலை நெரிசலைக் கடந்து, பனி கொட்டும் வெள்ளிக்கிழமைகளிலும் வருவார். ஈரச் சப்பாத்தைக் கதவோரம் கழற்றிவிட்டுப் பின்வரிசையில் அமர்ந்து, நடந்துகொண்டிருக்கும் பாட்டில் சேர்ந்துகொள்வார். இவரைக் கெட்டவராக்க என் பேனாவுக்கு உரிமை இல்லை.)

மொத்த வாக்கில் சியாமளாவே முன்னால். டோர்செட் பார்க் ஏறக்குறைய முழுதும் அவளுக்கு. ஆனால் மிசிசாகாவில் மோகனசுந்தரம் வென்றார். வெக்ஸ்போர்டிலும் இரண்டே வாக்கில் வென்றார். மிசிசாகாவில் பார்த்திருக்கும் புதிய மண்டபத்தில் பார்க்கிங் இலவசம் என்ற செய்தி அங்கே பரவியிருந்தது. ஆறுக்கு ஏழு.

அந்த ஏழில் ஒரு பூ யூஜினியுடையது. வெக்ஸ்போர்டின் தேர்வாளர் அவள். சியாமளாவின் உயிர்த்தோழியும் அவளே. அவளிடம் கார் இல்லை. டோர்செட் பார்க்குக்கு ஒரு பஸ். மிசிசாகாவுக்கோ பஸ், ரயில், மறுபடியும் பஸ். கணவர் காலமான பிறகு கிழமையின் ஏழு நாளிலும் அவள் வாய்திறந்து பாடுவது அந்த ஒரு மாலையில்தான். தன் பூவைச் சொன்னபடி வைத்தால் அந்த மாலை போய்விடும்.

5

தேர்வாளர் கூடும் நாளன்று, மண்டபத்தின் சமையலறையில் சியாமளா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, முகம் செத்துப்போய்க் கிடக்கு?"

"நித்திரை இல்லை."

"உன்ரை பூ ஒண்டு இஞ்சாலை விழுந்தா எனக்கு ஏழு. தெரியுந்தானே?"

"தெரியும்."

"நான் கேக்கேல்லை. சும்மா கணக்குச் சொன்னனான்."

"நீ சும்மா சொல்லுற கணக்கு எனக்குத் தெரியாதோ?"

சியாமளா கோப்பையை வைத்தாள். "அமெரிக்காவிலை வாக்கை மாறிக் குத்தின தேர்வாளரும் இருந்திருக்கினமாம். பஸ்ரியன் அண்ணை சொன்னவர்."

பூத் தட்டுகளை எடுக்க வந்த பஸ்ரியன் காதில் அது விழுந்தது. "ஓம், இருந்திருக்கினம். கன மாநிலங்கள் அதுக்குச் சட்டம் போட்டுத் தடுத்துப்போட்டுது. எங்களிட்டைச் சட்டம் இல்லை, பிள்ளை. விளக்குக்கு முன்னாலை சொன்ன சொல்லுத்தான்."

"கதையிலை மாலை போடுற ஆனைக்கு அந்தக் கரைச்சல் இல்லை," என்றாள் யூஜினி. "அது ஒருத்தருக்கும் வாக்குக் குடுக்கிறேல்லை."

6

பன்னிரண்டு பூக்கள் விழுந்துவிட்டன. தட்டுக்கு ஆறு. யூஜினி எழுந்தாள். எனக்கும் இப்போது ஒரு முடிவு வேண்டும்.

சியாமளாவின் தட்டில் பூவை வைத்தாள். மண்டபம் ஆரவாரத்தால்

(இல்லை. எழுதிப் பார்த்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை யூஜினி வந்தாள், பாயில் அமர்ந்தாள், பாட்டுத் தொடங்கிற்று. அவளுக்கு வாய் வரவில்லை. பாட முடியாதவளுக்கு மண்டபம் பக்கத்தில் இருந்து என்ன பயன்?)

மோகனசுந்தரம் எழுந்து, தலைமை தமக்கு வேண்டாம் என்று

(கேட்க இனிது, உண்மை அன்று. அவருக்குத் தலைமை வேண்டும். வேண்டுவதில் பிழையும் இல்லை.)

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். இரு தட்டுகளுக்கும் நடுவே நின்ற யூஜினி, மோகனசுந்தரத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"அண்ணை, ஏன் மிசிசாகா? பார்க்கிங் கதை வேண்டாம். உண்மையைச் சொல்லுங்கோ."

அவர் தயங்கினார். "சொன்னா சிரிப்பீங்க, அக்கா. நாம கடவுள் வாழ்த்தோடதானே தொடங்குறோம்? இத்தனை வருஷத்துல அதை நான் முதல் அடியிலேருந்து கேட்டதே இல்ல. நான் உள்ள வரும்போது எப்பவும் கடைசி அடிதான் ஓடும். ஒரு வருஷமாவது முழுசாக் கேக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. கதவோரத்து ஈரச் சப்பாத்து ஒவ்வொரு குளிர்காலமும் யூஜினியின் கண்ணில் பட்டிருந்தது. அவர் எதைத் தவறவிட்டு வந்திருக்கிறார் என்பது இன்றுதான் பட்டது. சொன்ன சொல்லுக்காகவே எழுந்தவள், அந்தச் சொல்லோடு, அத்தனை குளிர்காலமும் வந்ததற்கு ஒரு நன்றியையும் சேர்த்து அவருடைய தட்டில் பூவை வைத்தாள்.

7

தோற்றவரே நன்றியுரை சொல்வது எங்கள் மன்றத்து மரபு. அமெரிக்காவில் தோற்றவர் வென்றவரை அழைத்து வாழ்த்தும் வழக்கத்தோடு, எந்தத் தமிழ் விழாவுக்கும் கடைசியில் வரும் நன்றியுரையைப் பஸ்ரியன் முடிச்சுப் போட்டிருந்தார். அவருடைய ஒட்டுவேலைகளில் இதுவே உயர்ந்தது என்பேன்.

சியாமளா எழுந்து வந்தாள். யூஜினியை அவள் பார்க்கவில்லை.

"முதல் நன்றி யூஜினிக்கு," என்றாள். "எனக்குத் தராத பூவுக்கு. கோவம் இருக்கு, இல்லையெண்டு சொல்லேல்லை. தேத்தண்ணி ஊத்தேக்கை நான் கேட்டது பிழை. உவள் அதைப் பெரிசாக்காமல் விட்டிட்டாள். அதுக்கும் நன்றி."

யூஜினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாம் சரி," என்றாள் உரக்க. "மிசிசாகாவுக்கு என்னை ஆர் ஏத்திக்கொண்டு போறது?"

சிரிப்பு எழுந்தது. மோகனசுந்தரம் எழுந்தார். தலைவராக அவர் சொல்லப்போகும் முதல் ஆணைக்காக எல்லாரும் திரும்பினார்கள்.

அதை நான் எழுதமாட்டேன். வாசகரே, இந்தக் கதையில் பிறப்பால் உறுப்பினர் நீங்கள் ஒருவரே. முதல் வரியிலிருந்தே உள்ளே இருப்பவர். எனவே ஆணை உங்களுடையது. டோர்செட் பார்க் என்று சொல்லுங்கள், மிசிசாகா என்று சொல்லுங்கள், ஆளுக்கு ஓராண்டு என்று பங்கிட்டுக் கொடுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். எந்த மண்டபமானாலும், கடவுள் வாழ்த்தின் முதல் அடியை எடுக்குமுன் ஒருகணம் கதவைப் பாருங்கள். யாரேனும் இன்னும் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கக்கூடும்.