மச்சம் இருந்த பக்கம்

ஸ்டுடியோ திரையில் பெரிதாக்கப் பெரிதாக்க மூக்கு கரைந்துபோகிறது, கண் இருந்த இடத்தில் சாம்பல் கட்டங்கள், கன்னம் முழுக்க உப்பளத்து வெளுப்பு, இதையே ஒரு சட்டத்தில் போட்டு மாட்டினால் நான் எடுத்த படம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள் என்று கமலவேணிக்குத் தோன்றுகிறது, தோன்றியதற்காக வெட்கமும் வரவில்லை, ஒன்றுமே வரவில்லை. ஸ்டுடியோ வைத்திருக்கும் மகிமைராஜ், ஆதார் அட்டையிலிருந்து எடுத்தால் இவ்வளவுதான் வரும் அக்கா, வேறு படம் இல்லையா என்கிறான், இல்லை என்று தலையாட்டுகிறாள். அவள் கணவர் அம்பலவாணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட முகம் தெரிகிற ஒரு படம் வேண்டும். கோடியக்கரைக்கு வந்து இறங்கிய பூநாரைக்கெல்லாம் இறகு இறகாகப் படம் எடுத்து வைத்திருக்கும் மனுஷன், அவருக்கென்று ஒரு படம் இல்லை, கல்யாண ஆல்பம் புயலில் ஓடு பறந்த அன்றே ஊறிப் போயிற்று, வைத்திருந்ததோ பட்டன் போன், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் குரூப் போட்டோ என்றால் கேமராவை எடுத்துக்கொண்டு எதிரே போய் நிற்பவர் அவர்தான்.

அவர் படம் என்றால் பறவை பறவையாகவே இருக்க வேண்டும், கண் பளிச்சென்று ஃபோகஸில் நிற்க வேண்டும், கீழே பெயர், ஊர், மாதம். அவளுக்குப் பறவை வேண்டாம், பறவை போன பிறகு தண்ணீரில் நடுங்குகிற கோடு போதும், சேறு காய்ந்து வெடித்த கீறல் போதும். படத்தைக் காட்டினால் இது என்னது வேணி என்பார், தண்ணி என்பாள், தண்ணி மாதிரியே இல்லையே என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்ப்பார், பார்த்துவிட்டு என்னமோ போ, நல்லாத்தான் இருக்கு என்பார், அதற்குள் அடுத்த நாரை வந்திருக்கும். ஒரே வண்டியில் விடியலில் போவார்கள், ஒரே வரப்பில் நடப்பார்கள், கொஞ்சம் நகருங்க, உங்க நிழல் விழுது என்பாள், நகர்வார், இன்னும் கொஞ்சம் என்பாள், இன்னும் நகர்வார், அவர் முழங்கால் வரை தண்ணீரில் நிற்கிறார், நகர்கிறார், தண்ணீர் தெளிகிறது, அப்படியும் ஓரத்தில் விழுந்த நிழலை வீட்டுக்கு வந்து உட்கார்ந்து வெட்டி எடுத்தவளும் அவள்தான், எத்தனை படங்களில் வெட்டினாளோ.

மூக்கை நான் தேத்திடுறேன்க்கா, முகத்துல தழும்பு, மச்சம் ஏதாச்சும் உண்டா, அது இருந்தாத்தான் ஆள் மாதிரி இருக்கும் என்று மகிமைராஜ் கேட்கிறான். மச்சம் இருக்கு, கண்ணுக்குக் கீழ என்கிறாள் சட்டென்று. எந்தப் பக்கம்? அவள் விரல் தன் வலது கண்ணுக்குக் கீழே போகிறது, இடது கண்ணுக்குக் கீழே போகிறது. எந்தப் பக்கம். வரப்பில் அவர் குனிகிறார், வேணி, அசையாதே, வந்துருச்சு என்று கிசுகிசுக்கிறார், அவள் திரும்புகிறாள், தொப்பி தெரிகிறது, காது தெரிகிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா, சாப்பிடும்போது பார்த்திருப்பாளே, தூங்கும்போது பார்த்திருப்பாளே, அந்த முகம் திரும்புகிறது, திரும்பும்போதே நெளிந்து தண்ணீராகிறது, தண்ணீர் மட்டும் துல்லியமாக, ஒவ்வொரு அலையும். மச்சம் வேணாம் தம்பி, விட்டுடுங்க என்கிறாள். திரும்பி வருகிற பஸ்ஸில் ஒரு சமாதானம் கிடைக்கிறது, அவர் வலது கண்ணில் கேமராவை வைப்பவர், இடது கண்ணை மூடிக்கொள்பவர், அப்படியென்றால் மச்சம் வலது பக்கம்தான், கேமரா மறைத்த பக்கம், அதனால்தான் மனதில் நிற்கவில்லை, யாராயிருந்தாலும் நிற்காது. நாத்தனாருக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும், ஆனால் கூடவே வாழ்ந்தவள் கேட்கிற கேள்வியா அது.

காரியத்தன்று படம் கூடத்தில் இருக்கிறது, மாலை போட்டாயிற்று, மகிமைராஜ் தேற்றிய மூக்கு யாருடைய மூக்கோ, வந்தவர்கள் பார்த்துவிட்டு நல்லாத்தான் இருக்கு என்று நகர்கிறார்கள், அவளும் நல்லாத்தான் இருக்கு என்று நினைத்துக்கொள்கிறாள். திருத்துறைப்பூண்டியிலிருந்து செண்பகம் வருகிறாள், அம்பலவாணனுக்கு அக்கா, இடுப்பில் பேரக்குழந்தை, படத்தின் முன்னால் வந்து நின்றவள் அழவில்லை, தலையைச் சாய்த்துப் பார்க்கிறாள். பிறகு குழந்தையின் கன்னத்தில் இருந்த திருஷ்டிப் பொட்டில் விரலை ஒற்றி, இன்னும் காயாத அந்த மையைக் கண்ணாடியின் மேல், அவருடைய இடது கண்ணுக்குக் கீழே வைக்கிறாள். இது இல்லாம எங்க தம்பிக்கு மூஞ்சி ஏதுடி வேணி, என்கிறாள்.

இடது பக்கம். கேமரா மறைக்காத பக்கம், வெயிலிலும் காற்றிலும் இத்தனை வருஷமும் அவளைப் பார்த்துத் திறந்தே கிடந்த பக்கம். கூடத்தில் யாரோ இலை போடலாமா என்று கேட்கிறார்கள், போடலாம் என்று அவளே சொல்கிறாள், குரல் சாதாரணமாகத்தான் வருகிறது. சொல்லிவிட்டுப் படத்துக்கு அருகே போகிறாள், கண்ணாடியில் அவள் நிழல் விழுந்து அந்த முகத்தை மறைக்கிறது, கமலவேணி கொஞ்சம் நகர்ந்து நிற்கிறாள்.