ஓரகத்திகள் வாங்கிய டிரில்லிங் மிஷின்

நீலாம்பாள் அடித்த ஆணியெல்லாம் வளைந்து தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடின. அரசாங்கத் திட்டத்தில் கட்டிய புது வீடு. சுவர் அவ்வளவு இறுகிக் கிடந்தது. தையல் துணிகளை அடுக்கி வைக்க ஒரு பலகை வேண்டும், அவ்வளவுதான். துளை போடுகிற அமிர்தலிங்கமோ, "நாளைக்கு வர்றேங்க" என்று சொல்லிச் சொல்லியே குறுவை அறுவடையை முடித்துவிட்டான்.

"நாமளே ஒரு டிரில்லிங் மிஷின் வாங்கிட்டா என்ன?" என்றாள் புருஷனிடம்.

ராஜாங்கம் சம்பா உழவுக்கு டிராக்டர் சொல்லக் கிளம்பிக்கொண்டிருந்தான். "ஒரு பலகைக்கா?"

"பலகை, திரைக்கம்பி, மோட்டார் கொட்டகைக் கதவு. உங்ககிட்ட சொன்னா எது நடக்குது?"

"அப்ப வயர் இல்லாததா வாங்கு. கொட்டகையில ஏது பிளக்கு?" என்று சிரித்தபடி போய்விட்டான்.

மன்னார்குடியில் மீரா உசேனின் ஹார்டுவேர் கடைக்குள் காலடி வைத்த நீலாம்பாள் அப்படியே நின்றாள். மேசை முன்னால் காளியம்மாள் நின்றிருந்தாள். அவள் நீலாம்பாளின் ஓரகத்தி, ராஜாங்கத்தின் அண்ணன் ஐயாவுவின் மனைவி.

பகை நிலத்தால் வந்தது. மாமனார் செங்கொடி பிடித்து, அடிபட்டு, பட்டா வாங்கிய உச்சவரம்பு நிலம் அது. அதைப் பிள்ளைகள் பாகம் பிரித்தபோது நடு வரப்பு யாருக்கு என்பதில் சண்டை மூண்டது. சர்வேயர் வந்து அளந்தும் தீரவில்லை. அண்ணன் சூரியன் கட்சி, தம்பி இலைக் கட்சி. ஊரும் ஆளுக்கொரு பக்கம் நின்று விசிறிவிட்டது. ஆம்பளைகள் பேச்சை நிறுத்தினதும் பொம்பளைகளும் நிறுத்த வேண்டியதாயிற்று.

இப்போதும் இருவரும் மேசையின் ஆளுக்கொரு முனையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். மீரா உசேன் இங்கும் அங்கும் நடந்தார். ஆட்டுக் கொட்டகைக்குத் தகரம் போட வேண்டுமென்ற காளியம்மாளுக்குக் கைக்கடக்கமான ஒன்றைக் காட்டினார். சுவர் என்ற நீலாம்பாளுக்குக் கனமான ஒன்றை எடுத்துவந்தார். அவள் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தாள். உடனே இறக்கி வைத்தாள்.

"இதைத் தூக்கவே ஒரு ஆள் வைக்கணும் பாய். அந்தப் பெட்டி என்ன? விலை பாதிதான் போட்டிருக்கு!"

"அதுல மிஷின் மட்டும்தாம்மா. பேட்டரியும் சார்ஜரும் தனியா வாங்கணும்."

நீலாம்பாள் பெட்டியைச் சட்டென்று கீழே வைத்தாள். அந்த முனையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

"நானும் முதல்ல அதைத்தான் தூக்கினேன்" என்றாள் காளியம்மாள்.

நீலாம்பாளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மாட்டை வித்துட்டு மடியைத் தனியா விக்கிறாப்ல இருக்குக்கா."

மீரா உசேனுக்கு நடக்கிற தொல்லை மிச்சமாயிற்று. நடுவில் நின்று, நடுத்தரமான ஒரு மிஷினை எடுத்து வைத்தார். "இந்த வளையத்தை இப்படித் திருப்பினா ஸ்க்ரூ முடுக்கும், தகரம் துளைக்கும். சுத்தியல் படத்துக்குத் திருப்பினா அடிச்சுக்கிட்டே துளைக்கும், செங்கல் சுவருக்கு. மேல்தளத்துக் கான்கிரீட்டுக்கு மட்டும் திணறும், பொய் சொல்லக்கூடாது. பேட்டரி ரெண்டு. ரிப்பேர்னா தஞ்சாவூர்லயே பாத்துக்கலாம்."

"இந்த நூறு துளை முனை போட்ட பெட்டி?" என்றாள் நீலாம்பாள்.

"பார்க்க ஜோரா இருக்கும், சீக்கிரம் மழுங்கிடும். சுவருக்கும் இரும்புக்கும் நல்லதா நாலஞ்சு எடுத்துக்குங்க, போதும்."

நீலாம்பாள் அந்த நடுத்தர மிஷினைத் தூக்கிப் பார்த்தாள். காளியம்மாளும் வாங்கித் தூக்கிப் பார்த்தாள். கைக்கு அடங்கியது. விலைதான் இருவருக்கும் கொஞ்சம் எட்டாமல் இருந்தது.

"எனக்கு எப்பவாவதுதான் வேலை. உனக்கு?" என்றாள் காளியம்மாள்.

"எனக்கும் அப்படித்தாங்கா."

"அப்புறம் ரெண்டு வீட்டுலயும் ரெண்டு மிஷின் எதுக்குத் தூங்கணும்?"

நீலாம்பாள் தயங்கினாள். "அவங்களுக்கு என்னக்கா சொல்றது?"

"அவங்க சண்டை வரப்புக்கு. மிஷினுக்கு ஏதுடி வரப்பு?"

பேருந்தில் ஒரே இருக்கையில், பெட்டியை இருவர் மடியிலுமாக வைத்துக்கொண்டு வந்தார்கள். பேசாமல் விட்ட கதைகளுக்கு அந்தத் தூரம் போதவில்லை.

காளியம்மாள் நேரே நீலாம்பாள் வீட்டுக்குள் வந்தாள். முதல் துளையில் சத்தம்தான் வந்தது. மிஷின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சரியாக மாற்றி அழுத்தியதும் சிவப்பாகச் செங்கல் தூள் கொட்டியது. அந்த நேரம் பார்த்து ராஜாங்கம் வாசலில் வந்து நின்றான்.

"வாங்க தம்பி, பலகையைப் பிடிங்க" என்றாள் காளியம்மாள், நேற்றும் பேசினவள் போல. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பிடித்தான்.

மறுநாள் மிஷின் ஐயாவு வீட்டுக்குப் போனது. "யாரு வீட்டு மிஷின்?" என்றார் ஐயாவு.

"பாதி நம்முது."

அவர் முகம் சுளித்தார். ஆனால் முதல் ஸ்க்ரூ தகரத்துக்குள் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியதும் மிஷினைக் காளியம்மாள் கையில் கொடுக்கவே இல்லை. கடைசித் தகரத்தின்போது பேட்டரி தீர்ந்தது. இன்னொன்று நீலாம்பாள் வீட்டில் சார்ஜில் இருந்தது. வானம் கறுத்து, கொண்டல் காற்று தகரத்தைத் தூக்கிப் பார்த்தது.

"நீலா, பேட்டரி!" என்று காளியம்மாள் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

தையல் மிஷினில் ஒரு கல்யாண ரவிக்கை பாதியில் நின்றது. "நீங்களே கொண்டுபோய்க் குடுங்க" என்றாள் நீலாம்பாள் புருஷனிடம். அவன் முறைத்தான். பிறகு போனான்.

ஐயாவு ஏணி உச்சியில் தகரத்தை இரு கைகளாலும் அமுக்கிக்கொண்டு நின்றார். விட்டால் பறக்கும். கீழே தம்பியைப் பார்த்தார். ஏணி ஆடியது.

"என்னடா வேடிக்கை பாக்குற? பிடிடா!"

ராஜாங்கம் ஏணியைப் பிடித்தான். அப்புறம் மிஷினை எடுத்துக்கொண்டு அவனே பக்கத்துத் தூணில் ஏறி, பேட்டரியை மாற்றி, அண்ணன் அமுக்க அமுக்க முடுக்கினான். இருவரும் இறங்குவதற்குள் மழை கொட்டியது. ஆடுகளுக்கு நடுவே ஒண்டி நின்றார்கள்.

"ஒரு சொட்டு ஒழுகல பாரு" என்றார் ஐயாவு.

"அந்த மூலையில இன்னும் ஒண்ணு போடணும்."

"நீ என்ன மேஸ்திரியா?"

"காத்து அங்கதானே ஏறும்? நீங்களே பாருங்கண்ணே."

வரப்புத் தகராறு அன்றைக்கு ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அந்த ஸ்க்ரூவை எங்கே போடுவது என்று மழை விடும்வரை இருவரும் விடாமல் வாதாடினார்கள். காளியம்மாள் உள்ளே போய் உலை வைத்து, கொழுந்தனுக்கும் சேர்த்து அரிசி போட்டாள்.