மரிங்கா வாம்பேட்டின் பின்பக்கம்

சிட்னியிலிருந்து தெற்கே வருகிற நெடுஞ்சாலையில் எங்கள் மரிங்காவைத் தாண்டுகிறவர்கள் முதலில் பார்ப்பது ஒரு பிருஷ்டத்தை. கூச்சப்படாதீர்கள் கண்ணுகளா, இங்கே யாரும் கூச்சப்படுவதில்லை. மூன்று மாடி உயரத்தில், பழுப்பு வண்ணம் பூசிய சிமென்ட் வாம்பேட்டின் பின்பக்கம் அது. நிஜ வாம்பேட் இந்த நாட்டுக் காட்டு விலங்கு, பெருச்சாளிக்குக் கரடி தாய்மாமன் என்று சொல்லும்படி இருக்கும். கொழுகொழுவென்று வளை தோண்டிக்கொண்டு தன் பாட்டுக்குக் கிடக்கும்.

அடுத்த ஊர்க்காரர்கள் ஒரு ராட்சத வாத்துச் சிலையை வைத்து வருகிற கார்களையெல்லாம் அங்கே நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் ஊரில் கார்கள் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. பேக்கரி நோலீன் சொல்லிவிட்டாள்: "மூணாவது ஈஸ்டர் வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் அடுப்பை அணைச்சுட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

அதனால்தான் வாம்பேட். இரண்டு வருடம் ஊர்ப் பெண்கள் லாமிங்டன் செய்து, மாதா கோயில் வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் விற்றார்கள். லாமிங்டன் என்றால் சாக்லேட்டில் தோய்த்துத் தேங்காய்த்துருவலில் புரட்டிய சதுரக் கேக். முக்கால்வாசி நோலீனின் அடுப்பில்தான் வெந்தது.

அஸ்திவாரம் தோண்டும் அன்று கவுன்சில் தலைவர் டெஸ்மண்ட் ஹாக்கெட் வந்து நின்றார்.

"மூஞ்சி ஊர் மண்டபத்தைப் பார்த்து இருக்கணும். திறப்பு விழாவுக்கு அமைச்சர் மேடையில நிப்பார், பக்கத்துல நான், பின்னால அது மூஞ்சி. பேப்பர்ல போட்டோ எப்படி வரும், யோசிச்சுப் பாரு."

"கார் வர்றது அந்தப் பக்கம், டெஸ்," என்றாள் நோலீன்.

"அமைச்சர் வர்றது இந்தப் பக்கம், நோலீன்."

அமைச்சர் வந்தார். ஏழு நிமிடம் பேசினார், லாமிங்டனைத் தொடாமல் போனார். போட்டோ ஒன்பதாம் பக்கத்தில் வந்தது. அதில் டெஸ்ஸின் முகத்தை அமைச்சரின் தொப்பி மறைத்திருந்தது.

திங்கட்கிழமை ஒரு லாரி வாம்பேட்டைத் தாண்டிப் போய், நின்று, பின்னோக்கி வந்தது. ஓட்டுநர் பேக்கரிக்குள் நுழைந்தார்.

"ஏம்மா, எங்க மேல உங்க ஊருக்கு என்ன கோபம்? வர்றவங்களுக்கு இப்படியா காட்டுறது?"

"ஏதாவது சாப்பிட்டுட்டுப் போங்க, கோபம் தீர்ந்துடும்."

"என்ன இருக்கு?"

வாம்பேட்டின் சாணம் சதுரக் கட்டிகளாகத்தான் விழும். சத்தியமாக, கண்ணுகளா. நோலீன் லாமிங்டன் தட்டைப் பார்த்தாள்.

"அது போட்டதுதான் இருக்கு. இன்னிக்குக் காலைல போட்டது."

அவர் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு போனார். அந்த மூன்றாவது ஈஸ்டருக்குள் பேக்கரி வரிசை தபாலாபீஸைத் தொட்டது.

அப்புறம் நகரத்துப் பத்திரிகை ஒன்று 'பின்பக்கம் காட்டும் ஊர்' என்று எழுதியது. டெஸ் கொதித்துப்போய், சனிக்கிழமை காலையில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்.

"அடியோட அறுத்துத் திருப்பணும். ஊர் மானம் போகுது."

நோலீன் எழுந்தாள். "ஒரு வருஷம் சாரம் கட்டி மூடி வெப்பீங்க. அதுக்குள்ள நான் கடையை மூடிடுவேன். திருப்பினாலும் அது வெறும் ஒரு மூஞ்சிதான். மூஞ்சியைப் பார்க்க யாரு காரை நிறுத்துவா?"

ஆடு வளர்க்கிற கிளாரி, கவுன்சிலில் மூத்தவர், உட்கார்ந்தபடியே சொன்னார். "நாய் துரத்துனா வாம்பேட் வளைக்குள்ள பூந்து, பின்பக்கத்தால வாசலை அடைச்சுக்கும். இது சரியாத்தான் நிக்குது, டெஸ். நீதான் தப்பான பக்கத்துல நிக்கிற."

கவுன்சில்காரர்கள் ஓட்டெடுத்தார்கள். திருப்ப மூன்று, வேண்டாமென்று மூன்று. சமமானால் தலைவர் ஓட்டுத்தான் முடிவு. டெஸ் தொண்டையைச் செருமினார். நோலீன் மடியில் கிடந்த மாவுக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வாசலில் ஒரு சுற்றுலா பஸ் வந்து நின்றது. வெள்ளைத் தலை அம்மாள் ஒருவர் கதவுக்குள் எட்டிப்பார்த்தார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். இதை இப்படித் திருப்பி வெச்ச புண்ணியவான் யாரு? அவரோட நாங்க எல்லாரும் ஒரு போட்டோ எடுத்துக்கணும்."

டெஸ்ஸின் முகம் மூன்று முறை நிறம் மாறியது. பிறகு அவர் டையைச் சரிசெய்தார்.

"நான்தான். வாம்பேட்டோட குணம் தெரிஞ்சு, யோசிச்சு வெச்சது."

கிளாரிக்குப் புரையேறியது.

"அப்ப உங்க ஓட்டு, தலைவரே?" என்றாள் நோலீன்.

"இருக்கிறபடியே இருக்கட்டும்," என்று சொல்லிக்கொண்டே டெஸ் வெளியே ஓடினார்.

அடுத்த மாதம் அவரே ஒரு பித்தளைப் பலகை செய்வித்தார்: 'இவ்வாறு நிற்கும்படி திட்டமிட்டவர், கவுன்சில் தலைவர் டெஸ்மண்ட் ஹாக்கெட்.' எல்லாரும் போட்டோ எடுக்கிற இடத்தில் அதைப் பதிக்க வேண்டும் என்றார். நோலீன் இடத்தைக் காட்டினாள். பின்னங்கால் இரண்டுக்கும் நடுவில், சரியாக வாலுக்குக் கீழே.

மழை பெய்தால் மேலிருந்து சொட்டுகிறதெல்லாம் அந்தப் பெயர்மேல்தான் விழுகிறது. தினமும் அடுப்பைப் பற்றவைத்ததும் நோலீன் துணியோடு போய் அதைத் துடைத்துவிட்டு வருகிறாள். பெயர் பளிச்சென்று தெரிய வேண்டாமா?